எண்ணமும் உடலும்: ஆசாரியர் குந்தகுந்தரின் வாழ்வும் அவர் தந்த விடையும்

வைகையின் வடகரையில் நெல்வயல்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சூழ அமைந்த ஊர் சோழவந்தான். ஆற்றைக் கடந்து தென்கரை வழியே தென்மேற்காகச் சென்றால் விக்கிரமங்கலம் வரும். ஆற்றின் போக்குக்கு எதிராக மேற்கே சென்றால் மேட்டுப்பட்டிச் சித்தர்மலை வரும். இரண்டிடத்தும் பாறைக் குகைத்தளங்களில் கற்படுக்கைகளும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. மேட்டுப்பட்டிக் கல்வெட்டில் மதுரையின் பெயரும் அமணன் என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் நம் முனிவர்கள் தங்கித் தவம் புரிந்த இடங்கள் இவை.

அந்தக் கல்லின்மேல் அமர்ந்த முனிவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். உடல் பசிக்கிறது, அவர் உண்பதில்லை என்று உறுதி பூண்டிருக்கிறார். உடல் சாய விரும்புகிறது. அவர் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். அவருடைய உறுதி உருவமற்றது. அதற்கு நிறமில்லை, எடையில்லை. உடலோ புற்கலத்தால் ஆனது. உருவமற்ற ஓர் எண்ணம் உருவமுடைய உடலை எவ்வாறு இயக்கும்? இயக்குகிறதா, அல்லது உடல் தன் போக்கில் இயங்க, நாம்தான் இயக்குகிறோம் என்று எண்ணிக்கொள்கிறோமா?

இவ்வினா இன்று மருத்துவக் கல்லூரிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேறு சொற்களில் கேட்கப்படுகிறது. மூளை முன்னதாகவே முடிவு செய்துவிடுகிறது, எண்ணம் பின்னால் வருகிறது என்று படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகள், அப்படியாயின் விரதம் எதற்கு, நோன்பு எதற்கு என்று வினவுகின்றனர். எளிதில் ஒதுக்கிவிடத்தக்க வினா அன்று இது. எண்ணத்துக்கு ஆற்றல் இல்லையெனின் அகிம்சையும் இல்லை, நல்லொழுக்கமும் இல்லை, வினையை உதிர்த்து வீடடைதலும் இல்லை. இவ்வினாவைத் தம் வாழ்வின் நடுப்பொருளாகக் கொண்டு ஆராய்ந்த பெருமகனார் ஒருவர் நம் தமிழ்நாட்டு மலையொன்றில் தவம் புரிந்தவர் என்பது நம் மரபு. அவரே ஆசாரிய ஸ்ரீ குந்தகுந்தர்.

பிறப்பும் பெயர்களும்

நம் இல்லங்களில் நாள்தோறும் சொல்லும் மங்கல வாழ்த்தில் முதலில் பகவான் மகாவீரரும், அடுத்துக் கௌதம கணதரரும், மூன்றாவதாகக் குந்தகுந்தரும் போற்றப்படுகின்றனர். அவருக்குப் பின் வந்த எத்தனையோ பேராசிரியர்கள் தம்மை அவர் வழியினர் என்று சொல்லிக்கொள்வதையே பெருமையாகக் கொண்டனர். கருநாடகத்திலும் தமிழகத்திலும் உள்ள கல்வெட்டுகளில் குந்தகுந்தான்வயம் என்னும் சொல் பன்முறை வருவது இதனாலேயே.

அவருடைய துறவுப்பெயர் பத்மநந்தி. கொண்டகுந்தம் என்னும் ஊரைச் சார்ந்தவராதலின் கொண்டகுந்தர் எனப்பட்டு, அதுவே வடமொழி வழக்கில் குந்தகுந்தர் ஆயிற்று. அவ்வூர் ஆந்திரத்தில் குந்தக்கல் அருகிலுள்ள கொனகொண்ட்லா என்பது ஆய்வாளர் பலர் கருத்து. விசயநகர காலத்து 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று அவருக்கு ஐந்து பெயர்களைத் தருகிறது: பத்மநந்தி, குந்தகுந்தர், வக்கிரகிரீவர், ஏலாசாரியர், கிருத்திரபிச்சர். அக்கல்வெட்டோடு தொடர்புடைய தண்டநாயகன் இருகப்பனே நம் திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில் மண்டபம் எடுப்பித்தவன்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வழங்குகிறது. ஓயாது நூல் கற்றதால் கழுத்து வளைந்துபோய் வக்கிரகிரீவர் ஆனார் என்பர். விதேக நாட்டில் சீமந்தர தீர்த்தங்கரரின் சமவசரணத்துக்குச் சென்றபோது, அந்நாட்டு நெடிய மாந்தரிடையே ஏலக்காய் அளவே தோன்றியதால் ஏலாசாரியர் ஆனார் என்பர். அப்பயணத்தில் மயிற்பீலி நழுவி விழ, கழுகின் இறகைப் பீலியாகக் கொண்டதால் கிருத்திரபிச்சர் ஆனார் என்பர். திருக்குறளை அருளியவரும் இந்த ஏலாசாரியரே என்பது தமிழ்ச் சமணர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கும் நம்பிக்கை.

முற்பிறப்புக் கதையொன்றும் உண்டு. தக்கண நாட்டில் கரமுண்டன் என்னும் வணிகன் வீட்டில் மதிவரன் என்னும் இளைஞன் ஆநிரை மேய்த்து வந்தான். ஒருநாள் காட்டுத்தீயில் காடெல்லாம் கருகிக் கிடக்க, நடுவே சில மரங்கள் மட்டும் பசுமையாய் நிற்கக் கண்டான். அங்கே ஒரு பேழையில் ஆகம ஏடுகள் இருந்தன. எழுத்தறியாத அவன் அவற்றை எடுத்து வந்து தூய இடத்தில் வைத்து வணங்கினான். பின்னொருநாள் அவ்வீட்டுக்கு வந்த முனிவருக்கு வணிகன் உணவளிக்க, மதிவரன் தன்னிடமிருந்த ஏடுகளை அளித்தான். அந்த ஞானதானத்தின் பயனாக அவனே அவ்வீட்டு மகனாகப் பிறந்து, வளர்ந்து, குந்தகுந்தரானான் என்பது கதை. ஏட்டின் பொருள் அறியாதவன் ஏட்டைக் கொடுத்தான். அவனுக்குப் பயன் தந்தது கொடுக்கும்போது அவன் உள்ளம் இருந்த நிலை. ஆசாரியரின் போதனை முழுவதும் இக்கதையில் வித்தாக இருக்கிறது.

துறவும் பொன்னூர் மலையும்

பட்டாவளி மரபின்படி அவர் 11 வயதில் துறவு பூண்டார். 44 வயதில் ஆசாரியர் ஆனார். 95 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அம்மரபு அவரைப் பொது ஆண்டின் தொடக்கத்தை ஒட்டிய காலத்தில் வைக்கிறது. மொழிநடையையும் கருத்து வளர்ச்சியையும் கொண்டு சில நூற்றாண்டுகள் பின்னே வைக்கும் அறிஞரும் உளர்.

வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலை அவர் தவம் செய்த இடமாகப் போற்றப்படுகிறது. மலைமேல் அவருடைய திருவடிகள் பாறையில் பொறிக்கப்பட்டுள்ளன. நம் குடும்பங்களில் பலர் சிறுவயதில் பெற்றோரின் கைப்பிடித்து அம்மலைப் படிகளை ஏறியவர்களே. சிரவணபெளகுளக் கல்வெட்டுகள், அவர் நிலத்துக்கு நான்கு விரல் மேலே நடந்தார் என்று கூறுகின்றன. உள்ளும் புறமும் தூசு படியாதவர் என்பதைக் காட்டவே அவ்வாறு நடந்தார் என்று அக்கல்வெட்டுப் பாடல் விளக்கமும் தருகிறது.

அவர் அருளிய நூல்கள் பிராகிருத மொழியில் அமைந்தவை. பஞ்சாஸ்திகாயம், பிரவசனசாரம், சமயசாரம் மூன்றும் நாடகத்திரயம் எனச் சேர்த்து வழங்கப்படும். நியமசாரம், அஷ்டபாகுடம், பன்னிரு அநுப்பிரேட்சை ஆகியனவும் அவருடையன. 10ஆம் நூற்றாண்டில் அமிர்தசந்திரரும், 12ஆம் நூற்றாண்டில் ஜயசேனரும் பேருரை கண்டனர். பஞ்சாஸ்திகாயம் சிவகுமார மகாராசனுக்காக இயற்றப்பட்டது என்று ஜயசேனர் குறிப்பிடுகிறார். அம்மன்னன் காஞ்சியை ஆண்ட பல்லவன் சிவஸ்கந்தவர்மனே என்று கருதியவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். சென்னை மாநிலக் கல்லூரியில் மேலைத் தத்துவம் கற்பித்த அப்பெருமகனார் 1920இல் பஞ்சாஸ்திகாயத்தையும் 1950இல் சமயசாரத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டு, தமிழ் மண்ணின் ஆசாரியரை உலக அறிஞர் முன் நிறுத்தினார்.

செய்பவன் யார்?

சமயசாரத்தின் நடுநாயகமான பகுதி செய்பவனையும் செயலையும் பற்றியது. ஆசாரியர் அங்கே எடுத்துக்கொள்ளும் வினா, நாம் தொடக்கத்தில் கேட்டதே. உயிர் அறிவுடையது, உருவமற்றது. புற்கலம் அறிவற்றது, உருவமுடையது. ஒன்று மற்றொன்றின் மாற்றத்தைச் செய்ய இயலுமா?

அவர் விடை, குயவனையும் குடத்தையும் வைத்துத் தொடங்குகிறது. குடமாக மாறுவது மண். குயவனின் கையோ, எண்ணமோ, அவன் உயிரோ குடத்துக்குள் சிறிதும் கலப்பதில்லை. குடத்தில் நாம் காண்பது மண்ணின் தன்மையையே. குயவனின் தன்மையை அன்று. ஆதலின் உண்மை நோக்கில், அதாவது நிச்சயநயத்தில், குடத்தை ஆக்கியது மண்ணே. எனினும் குயவன் இல்லாமல் மண் தானே குடமாயிற்று என்று எவரும் சொல்லார். குயவனின் கருத்தும் முயற்சியும் நிமித்தமாக நின்றன. மண் முதற்காரணமாக நின்று தானே மாறியது. குயவன் குடம் செய்தான் என்பது வியவகாரநயத்தில் பொருந்தும் பேச்சு.

உயிருக்கும் உடலுக்கும் உள்ள உறவும் இத்தகையதே என்கிறார் ஆசாரியர். உயிர் தன் உள்ள நிலைகளை மட்டுமே செய்கிறது. சினம், ஆசை, இரக்கம், உறுதி, அமைதி ஆகியவை அதன் செயல்கள். அவற்றை நிமித்தமாகப் பெற்றுப் புற்கலம் தன் இயல்புப்படி வினையாக மாறுகிறது. அவ்வாறே, முன்செய்த வினை பயன் தருவதை நிமித்தமாகப் பெற்று உயிர் தன் உள்ள நிலைகளாக மாறுகிறது. ஒன்றுக்கொன்று நிமித்தம் ஆகும்; ஒன்றை மற்றொன்று உருவாக்குவதில்லை.

உயிரே தன் நிலையையும் செய்து, புற்கலத்தின் நிலையையும் செய்கிறது என்று கொள்பவரை இருசெயல்வாதியர் என்று ஆசாரியர் மறுக்கிறார். ஒரு பொருள் தன் இயல்பை விட்டு மற்றொன்றின் இயல்பில் புகுந்து செயல்பட இயலுமாயின், இரண்டுக்கும் வேறுபாடே இராது. உயிர் சடமாகும், சடம் உயிராகும்.

அங்ஙனமாயின் உயிர் எதுவும் செய்யாத வெறும் சாட்சிதானா? இல்லை என்பதிலும் அவர் உறுதியாக இருக்கிறார். உயிர் தானாகச் சினமாக மாறாது என்றால் பிறவிச்சுழலே இல்லையென்றாகும். அல்லது சாங்கியர் கொள்கைக்குள் வீழ நேரும் என்று எச்சரிக்கிறார். சாங்கியர், புருடன் செயலற்றவன், எல்லாம் பிரகிருதியின் ஆட்டம் என்பர். நம் தமிழ்க் காப்பியமாகிய நீலகேசியும் தனியொரு சருக்கத்தில் சாங்கியரோடு வாதிட்டு, செயலற்ற ஒன்று வினைப்பயனை நுகர்வது எவ்வாறு என்று வினவுகிறது. ஆசீவகரோடு வாதிடும் சருக்கத்தில், எல்லாம் ஊழே, முயற்சிக்கு இடமில்லை என்னும் கொள்கையையும் மறுக்கிறது. எனவே எண்ணத்துக்கு ஆற்றல் இல்லை என்னும் கொள்கை நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் அதனைத் தமிழிலேயே எதிர்கொண்டு விடை கண்டுள்ளனர்.

இதனை விளக்க ஆசாரியர் அரசனைக் காட்டுகிறார். போர்க்களத்தில் போரிடுபவர் வீரர். உலகம் அரசன் போரிட்டான் என்கிறது. அரசன் வாளெடுத்து ஒவ்வொரு பகைவனையும் வெட்டவில்லை. ஆயினும் அவன் கருத்தின்றிப் போர் நிகழ்ந்திராது.

இன்னோர் உவமை நம் பெரியோர் சொற்பொழிவுகளில் அடிக்கடி கேட்டது. உடலெங்கும் எண்ணெய் பூசிய ஒருவன் புழுதி நிறைந்த இடத்தில் படைக்கலப் பயிற்சி செய்கிறான், மரங்களை வெட்டுகிறான். புழுதி அவன்மேல் ஒட்டுகிறது. எண்ணெய் பூசாத மற்றொருவன் அதே இடத்தில் அதே பயிற்சி செய்கிறான், அவன்மேல் ஒட்டவில்லை. ஒட்டுவதற்குக் காரணம் உடலசைவோ, புழுதியோ அன்று, எண்ணெயே. அவ்வெண்ணெய் உள்ளத்துப் பற்று.

இதிலிருந்து ஆசாரியர் ஒழுக்கத்தின் அடிப்படையை வகுக்கிறார். கொல்லவேண்டும் என்னும் துணிவு உள்ளத்தில் எழுந்த கணத்திலேயே வினைக்கட்டு நிகழ்ந்துவிட்டது. எதிரிலுள்ள உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் கட்டு கட்டே. மாறாக, தரையை நோக்கி எச்சரிக்கையோடு நடக்கும் முனிவரின் காலடியில் அவரை அறியாமல் ஒரு சிற்றுயிர் மாண்டால், அந்த உயிரிழப்பு ஒன்றினாலேயே அவருக்கு வினைக்கட்டு இல்லை என்று பிரவசனசாரம் தெளிவுபடுத்துகிறது. எச்சரிக்கையற்று நடப்பவனுக்கோ, எவ்வுயிரும் மாளாதபோதும் இம்சை உண்டு.

ஒருபக்கமாகக் கொண்டதன் விளைவு

கூர்மையான இவ்விடையைத் தவறாகப் பிடித்தால் கையை அறுக்கும். அதற்கு 17ஆம் நூற்றாண்டு வரலாறே சான்று. ஆக்ராவில் வாழ்ந்த பனாரசிதாசர் என்னும் வணிகப் புலவர் சமயசாரத்தை அதன் உரையோடு கற்றார். உயிர் உடலின் செயலைச் செய்வதில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். பூசையும் நோன்பும் உடலின் செயல்கள்தாமே, அவற்றால் ஆன்மாவுக்கு என்ன என்று விட்டொழித்தார். நண்பர் மூவரோடு ஓர் அறையில் ஆடை களைந்து சுற்றி ஆடி, நாமும் முனிவரானோம் என்று விளையாடினார். ஊரார் எள்ளினர். இவற்றையெல்லாம் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

பல ஆண்டுகள் சென்றபின் ரூப்சந்த் என்னும் அறிஞர் ஆக்ரா வந்து கோம்மடசாரத்தை விளக்க, உயிரின் வளர்ச்சி படிப்படியானது என்பதும், ஒவ்வொரு படிக்கும் ஏற்ற ஒழுக்கம் உண்டு என்பதும், இரண்டு நயங்களையும் சேர்த்தே காணவேண்டும் என்பதும் பனாரசிதாசருக்குத் தெளிவாயின. அத்தெளிவோடு அவர் சமயசாரத்தைத் தழுவி இயற்றிய இந்திச் செய்யுள் நூல் இன்றும் வடநாட்டில் ஓதப்படுகிறது.

ஆசாரியர் எழுதியதில் குறை இல்லை. உடலை நான் இயக்கவில்லை என்பதைக் கேட்டவர், என் உள்ள நிலைக்கு நானே பொறுப்பு என்னும் மறுபாதியைக் கேட்கத் தவறினார். ஆடை களைந்தது அவர் கை. அக்கையை விளையாட்டாக நீட்டச் செய்த உள்ள நிலை அவருடையது.

மேலைநாட்டில் எழுந்த அதே வினா

ஐரோப்பாவில் தத்துவஞானி தெக்கார்த்தும் உயிரும் உடலும் முற்றிலும் வேறானவை என்று கொண்டார். 1643இல் பொகீமிய இளவரசி எலிசபெத் அவருக்கு மடல் எழுதி, பருப்பொருள் அல்லாத உயிர் உடலை எவ்வாறு அசைக்கும் என்று வினவினார். மூளையின் நடுவிலுள்ள பினியல் சுரப்பியில் இரண்டும் தொடர்பு கொள்கின்றன என்று தெக்கார்த் கருதினார். அங்கே என்றால் அங்கே எவ்வாறு என்னும் வினா தீரவில்லை. உயிர் உடலைத் தள்ளுகிறது என்று கொண்டமையால் வந்த இடர் அது. குந்தகுந்தர் தள்ளுதலையே கொள்ளவில்லை. ஆதலின் தொடும் இடத்தைத் தேடும் தேவையும் அவருக்கு எழவில்லை.

நம் நூல்களில் மனம் இருவகை: உயிரின் அறிவு நிலையாகிய பாவமனம், புற்கலத்தால் ஆன திரவியமனம். நினைப்பதற்குக் கருவியாக ஒரு பருப்பொருள் உறுப்பு உண்டு என்பதை நம் மரபு என்றோ ஏற்றுக்கொண்டது. பழைய நூல்கள் அதனை நெஞ்சில் தாமரை வடிவில் வைத்தன. இன்றைய அறிவியல் தலையில் மூளையாகக் காட்டுகிறது. இடம் மாறியதால் கொள்கையின் அடிப்படை மாறவில்லை. மூளை புற்கலம்; புற்கலத்தின் விதிப்படி அது இயங்குகிறது என்பதில் நமக்கு வியப்பில்லை.

பிள்ளைகள் படித்துவிட்டு வரும் ஆய்வுக்கு வருவோம். 1965இல் செருமனியில் கோர்ன்ஹூபர், டேக்கே என்னும் இருவர், ஒருவர் தாமாக விரலை அசைப்பதற்கு முன்னரே மூளையில் மின்னழுத்தம் மெல்ல எழுவதைக் கண்டனர். 1983இல் அமெரிக்காவில் பெஞ்சமின் லிபெட் இதனைக் காலக்கணக்கோடு ஆராய்ந்தார். விரைந்து சுழலும் ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டவாறு, விரும்பிய கணத்தில் கையை அசைக்கவும், அசைக்கவேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது புள்ளி இருந்த இடத்தை நினைவிற்கொள்ளவும் அவர் கேட்டுக்கொண்டார். அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லிவினாடி முன்னரே மூளையின் மின்னழுத்தம் எழுந்தது. எண்ணத்தை உணர்ந்ததாக அவர்கள் கூறிய கணமோ அசைவுக்கு ஏறத்தாழ 200 மில்லிவினாடி முன்பே. மூளை முந்தியது, எண்ணம் பிந்தியது என்று உலகெங்கும் பேசப்பட்டது.

எனினும் லிபெட் எண்ணத்தைக் கைவிடவில்லை. எழுந்த தூண்டலை இறுதிக் கணத்தில் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு என்று கருதினார். 2012இல் ஆரோன் சூர்கரும் அவர்தம் குழுவினரும் வேறொரு விளக்கம் தந்தனர். மூளையில் எப்போதும் ஏறியிறங்கிக்கொண்டிருக்கும் அலைவு ஓர் எல்லையைத் தொடும்போது அசைவு நிகழ்கிறது. பின்னோக்கிச் சராசரி எடுப்பதால் அது முன்கூட்டிய முடிவுபோலத் தோன்றுகிறது என்றனர்.

மற்றொரு பக்கத்தையும் காணவேண்டும். 1995இல் பாஸ்குவல் லியோனேயும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் சிலர் 5 நாள்கள், நாளொன்றுக்கு 2 மணி நேரம், பியானோவில் ஐவிரல் பயிற்சி செய்தனர். வேறு சிலர் விரலை அசைக்காமல் மனத்தால் மட்டும் அதே பயிற்சியைச் செய்தனர். விரல்களை இயக்கும் மூளைப்பகுதியின் பரப்பு இருசாரார்க்கும் விரிந்திருந்தது. நாம் எதை மனத்தில் மீண்டும் மீண்டும் வைக்கிறோமோ, அதனை ஒட்டி மூளையும் மாறுகிறது.

அந்த நினைப்பும் மூளையின் இயக்கமே, அதில் உயிருக்கு இடமேது என்று ஒருவர் கேட்கலாம். ஆய்வுக்கருவி காட்டுவது புற்கலத்தின் மாற்றத்தை மட்டுமே. அது காட்டக்கூடியதும் அவ்வளவே. உயிர் உண்டு என்பதை அக்கருவியால் நாட்டவும் இயலாது, மறுக்கவும் இயலாது. குந்தகுந்தரின் கொள்கைக்கு இவ்வாய்வுகள் சான்றுகள் என்று நாம் முழங்குதல் தகாது. அவை அதனைக் குலைத்துவிட்டன என்று அஞ்சவும் வேண்டியதில்லை.

இவ்வாய்வுகளைக் காணும்போது அமிர்தசந்திரர் செய்த ஒரு பாகுபாட்டை நினைவிற்கொள்வது நன்று. பற்று இருவகையில் எழும் என்றார் அவர்: அறிந்து எழுவது, அறியாமலே எழுவது. ஒரு விருப்பத்தை நாம் உணரும் கணம் அது பிறந்த கணம் அன்று. லிபெட்டின் அறையில் அமர்ந்தவரும், கையை அசைக்க இசைந்து வந்து அமர்ந்தபோதே ஒரு கருத்தை மேற்கொண்டுவிட்டார். விரதமும் இத்தகையதே. அரைவினாடியில் எழுந்து மறையும் விருப்பத்தின் அளவைக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் காக்கும் உறுதியை அளத்தல் பொருந்தாது.

கொடிக்காலில் கண்ட உவமை

சோழவந்தான் கொடிக்கால்களில் வெற்றிலைக்கொடி அகத்தியைப் பற்றி ஏறும். அகத்தி கொடியைத் தூக்கிவிடுவதில்லை. அகத்தியின் சாறு கொடிக்குள் பாய்வதுமில்லை. கொடி தன் வேரால் நீருண்டு, தன் கணுவால் தானே ஏறுகிறது. எனினும் அகத்தி சாய்ந்தால் கொடியும் சாயும். நிமிர்ந்தால் கொடியும் நிமிரும். நிமித்தம் என்று ஆசாரியர் சொன்னதை ஒரு கொடிக்காலுக்குள் நுழைந்த எவரும் கண்ணால் காணலாம். நம் எண்ணம் அகத்தி. உடலும் மூளையும் கொடி.

இனி நம் இல்லத்துக்கு வருவோம். இரவில் உண்ணாமை நம் குலத்து விரதம். மதுரையிலும் சுற்றுப்புறங்களிலும் பணிபுரிவோர் பலர் இருட்டியபின்னரே வீடு திரும்புகின்றனர். இரவு 8 மணிக்குப் பசி எழுகிறது. அப்பசி புற்கலத்தின் செயல். அதனை எழாமல் செய்ய நம்மால் ஆகாது, அதற்காக நாணவும் வேண்டியதில்லை. எழுந்த பசியோடு என் உள்ளம் எப்படி நிற்கிறது என்பது மட்டும் என் செயல். பொறுமையோடு நின்றால் அதுவே செறிப்பு. பழைய வினை பயன் தந்து உதிரும். ஒருநாள் தவறிவிட்டால், என் மூளை அப்படி, என் ஊழ் அப்படி என்று சொல்லித் தப்ப இயலாது. எல்லாம் கெட்டது என்று மனமுடையவும் வேண்டியதில்லை. பிரதிக்கிரமணம் செய்து, மறுநாள் உள்ளத்தை மீண்டும் நிமிர்த்தலாம். நாள்தோறும் நிமிர்த்தும் உள்ளத்துக்கு ஏற்ப உடலும் பழகும். விரதம் காத்த நம் பாட்டிமார்க்குச் சில ஆண்டுகளில் இரவுப்பசியே எழாமற்போனது நம் வீடுகளில் அறியாத செய்தியன்று.

குந்தகுந்தர் பிறந்த ஆண்டை நாம் வரையறுக்க இயலாவிடினும், அவர் விட்டுச்சென்ற விடை நம் கையில் இருக்கிறது. உடலை ஆளுகிறேன் என்னும் செருக்கையும், உடலால் ஆளப்படுகிறேன் என்னும் சோர்வையும் ஒருங்கே அகற்றும் விடை அது. இவ்வாண்டுத் திருவிழாவில் விரதம் மேற்கொள்ளும் ஒவ்வோர் இளைஞரும் பொன்னூர் மலைத் திருவடிகளை ஒருகணம் நினைந்து, தம் உள்ளம் ஒன்றே தம் ஆட்சிக்குரியது என்று தெளிந்து அதனை மேற்கொள்வாராக.

ஜைன தர்மம் வாழ்க! அறவோர் திருவடி வாழ்க!